இல்லம் நிலைத்தால் இனம் நிலைக்கும்

குண்டு விழும் நிலத்தில் உள்ளறை ஒப்பனை ஒரு கேடா என்று வினவுவார் உளர். பாலத்தீன மாணவி ஒருத்தி இல்ல உள்ளமைப்புக் கலை பயில்கின்றாள் என்றால், அதிலும் மண்ணையும் மரத்தையும் வீணாக்காது நெடுங்காலம் நிற்கும் வகையில் வீடமைக்கும் துறையில் நெஞ்சைப் பறிகொடுத்துள்ளாள் என்றால், அவர்தம் இதழோரம் எள்ளல் நகை அரும்பும். உயிருக்கே உறுதியில்லாத இடத்தில் சுவருக்கு வண்ணம் தேடுகின்றாளே என்பர். வீட்டைப் பறிகொடுத்த இனத்துக்கு வீட்டைப் பற்றிய கல்வியினும் முதன்மையான கல்வி யாதோ? அவ் அறிவாளர் சொல்லட்டும்!

1948-இல் 7,00,000-க்கும் மேற்பட்ட பாலத்தீனர் தம் வாழிடங்களினின்று பெயர்க்கப்பட்டனர். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. வீட்டுத் திறவுகோலை மட்டும் கையிற் கொண்டு வெளியேறியோரின் பெயர்த்திகள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். வீடு என்னும் சொல் அவர்கட்கு வெறும் கல்லும் காரையும் ஆகுமா?

நீடு நிற்கும் வீடமைப்பு மேலையர் அண்மையிற் கண்டு உலகுக்கு ஈந்த புத்தறிவு என்று பறைசாற்றப்படுகின்றது. பாலத்தீனச் சிற்றூரின் பழைய வீட்டை அறிந்தோர் இதனை நம்பார். அங்குள்ள கல்லையே அடுக்கி எழுப்பிய தடித்த சுவர். அதன்மேல் கல் வளைகூரை. கோடையில் வெப்பம் உட்புகாது. மாரியில் உள்வெப்பம் வெளியேறாது. தாழ்ந்த தளத்தில் ஆடுமாடுகள்; அவற்றின் உடற்சூடு மேல்தளத்தை வெதுவெதுப்பாக்கும். குடும்பம் வாழும் அவ் உயர்ந்த தளத்துக்கு மசுதபா என்று பெயர். நம் திண்ணையைப் போல் மேடிட்டது. அதன் பின்புறம் இராவியா என்னும் சேமிப்பிடம். இரண்டையும் பிரித்து நிற்பவை காபியா எனப்படும் மண் குதிர்கள். குதிரே தடுப்புச் சுவர், குதிரே களஞ்சியம். மண்ணும் வைக்கோலும் குழைத்து அவற்றைச் சமைத்தோர் பெண்டிர். இவ்வீட்டில் வீணாகும் பொருள் யாது? அயலிலிருந்து விலைகொடுத்து வாங்கிய பொருள் யாது? உள்ளமைப்புக் கலைக்கு இதனினும் உயர்ந்த பாடம் உண்டோ?

காபியா என்னும் சொல்லை இழந்த பாலத்தீனப் பெண், அயல்நாட்டு விலைப்பட்டியலில் தவசப் பேழை தேடுவாள். சொல் போன பின்னர்ப் பொருள் போகும். பொருள் போன பின்னர் அதனைச் செய்த கைத்திறன் போகும். இறுதியில், இங்கு அப்படி ஓர் இனமே வாழ்ந்ததில்லை என்று பகைவன் எழுதுவான். இதனை உணர்ந்த சுவாது அமிரி, வேரா தமாரி என்னும் பாலத்தீனப் பெண்மணியர் இருவர் சிற்றூர் வீட்டின் அமைப்பையும் அதன் உறுப்புகளின் பெயர்களையும் ஆய்ந்து 1989-இல் நூலாக்கினர். அமிரி 1991-இல் இரமல்லாவில் நிறுவிய இரிவாக்கு என்னும் அமைப்பு 50,000-க்கும் மேற்பட்ட பழங்கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பதிந்தது. பீர்சைத்து நகரின் சிதைந்த பழம்பகுதியை அது மீட்டெடுத்த பணிக்கு 2013-இல் ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. உள்ளூர்க் கொத்தர்க்கு வேலை தந்தும், மறைந்துகொண்டிருந்த தொழில்நுணுக்கத்தை மீட்டும் செய்த பணி அது.

மேற்குக்கரையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நிலம் 1995-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இசுரேலின் முழு ஆளுகையில் விடப்பட்டது. அங்கே ஒரு சுவர் எழுப்பவும் பாலத்தீனர் இசுரேலிய அதிகாரிகளின் இசைவைப் பெறவேண்டும். அது கிட்டுவது மிக அரிது. இசைவின்றி எழும் சுவரை இடிபொறி தேடி வரும். புதியது கட்டத் தடையுள்ள நிலத்தில், உள்ள வீட்டைப் பேணி வாழ்தலே நிலத்தை விடாமைக்கு வழி. அவ்வழியைக் கற்பவளையா எள்ளுவது?

காசாவின் நிலையோ சொல்லொணாதது. 2007 முதல் அங்கு முற்றுகை. 2014-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், வீடு கட்டப் பைஞ்சுதை (சிமிட்டி) கிடைக்காத நிலையில், காசா இசுலாமியப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்ற மசுது மசுகராவி என்னும் இளம்பெண் இடிபாட்டுத் தூளையும் சாம்பலையும் கொண்டு எடை குறைந்த கட்டுக்கல் செய்து காட்டினார். உலகம் கைதட்டியது. அவர் பயின்ற அப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் 2023 அக்தோபரில் குண்டுக்கு இரையாயின. 2024-ஆம் ஆண்டின் நடுவில் காசாவில் குவிந்த இடிபாடு ஏறத்தாழ 3 கோடியே 90 இலக்கம் தொன் என ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது.

கைதட்டியோரை நோக்கி ஒரு வினா. இடிபாட்டிலிருந்து கல் செய்தவளைப் பாராட்டினீர். இடித்தவனை என் செய்தீர்? குண்டையும் விற்று, குண்டு வீழ்த்திய சுவரின் தூளைக் கொண்டு வீடு கட்டக் கற்றுக்கொள் என்று அறிவுரையும் கூறுவது எவ்வகை அறம்? மாணவியின் திறமையைப் போற்றுவோர் அவளுடைய உரிமைக்கும் குரல் கொடுத்தல் வேண்டும். உரிமையைப் பற்றி வாய் திறவாது திறமையை மட்டும் பாராட்டும் பாராட்டு, சிறைக்கூடத்தைத் தூய்மையாக வைத்திருக்கின்றாய் என்று சிறையாளிக்கு வழங்கும் நற்சான்றே ஆகும்.

சுமூது என்றோர் அரபுச் சொல்லைப் பாலத்தீனர் உயிரெனப் போற்றுவர். பெயராது உறுதியாக நிற்றல் என்பது அதன் பொருள். நீடு நிற்கும் வீடும் பெயராது நிற்கும் இனமும் அவர்கட்கு இருவேறு பாடங்கள் ஆகா. பாட்டி சமைத்த குதிரின் அளவையும் மண் குழைத்த பதத்தையும் பெயர்த்தி ஒருத்தி தாளில் வரைந்து வைக்கின்றாள் எனில், பறிபோன ஊருக்கு அவள் உரிமை ஆவணம் எழுதுகின்றாள் என்றே பொருள். எந்த இடிபொறியாலும் இடிக்கவொண்ணா ஆவணம் அது. அவள் கல்வி வெல்க! அவள் இல்லம் நிலைக்க!