மலை போட்ட கணக்கு

'ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் ஸார்!' என்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விற்றவர் சொன்னபோது, 'எந்த ரோட்டில்?' என்று நான் கேட்கவில்லை. என் தப்புதான்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா மெதுவாக ஆரம்பித்தார்: "சிறுமலைக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போறியாப்பா?"

திண்டுக்கல் வாழைக்காய் மண்டியில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இன்றைக்கு வயசு எழுபத்து நாலு. எனக்கு விவரம் தெரிந்து, என்னிடம் அவர் கேட்ட முதல் உதவி இது. பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கலாம். புது வண்டி விடுமா?

96 சதவீதத்தில் கிளம்பினோம். மலையடிவாரத்தில் 84. "பாத்தீங்களாப்பா!" என்றேன். பிறகுதான் கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 18. ஸ்போர்ட்ஸ் மோடில் போட்டு முறுக்கினேன். வளைவுக்கு இரண்டு சதவீதம் வீதம் காலி! ஒன்பதாவது வளைவில் 66. 'மோட்டார் சூடு' என்று திரையில் எச்சரிக்கை வேறு. வண்டி தானாகவே நடை தளர்ந்தது.

"நிறுத்துப்பா. மூச்சு வாங்கினா குதிரையையே நிறுத்தித்தான் ஏத்துவாங்க" என்றார் அப்பா. சிறுமலைத் தோட்டங்களில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் சுமப்பது குதிரைகள்.

சூடு ஆறும்வரை சும்மா இருப்பாரா? பேனாவை எடுத்துவிட்டார். வண்டி, நான், அவர் எல்லாம் சேர்த்து 250 கிலோ. இதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 24.5 லட்சம் ஜூல் வேண்டும் (இது நான் சொன்னது). ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. எங்கள் பாட்டரியே 3 யூனிட்!

"சுமைகூலிக்கே கால்வாசி போயிடுதே" என்றார்.

அப்புறம் எக்கோ மோடில், குதிரை நடையில் ஏறினோம். மேலே போனதும் 47. டீக்கடையில் சார்ஜ் போடக் கேட்டால், "கரண்ட் இல்லீங்க." எனக்கு வயிற்றைக் கலக்கியது. வழியில் நின்றுவிட்டால் இவரை எப்படி வீடு சேர்ப்பது? அவரோ மலை வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டு, கீழே தெரிந்த ஊரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்க ஆரம்பித்தோம். ஆக்ஸிலேட்டரை விட்டால் மோட்டார், சைக்கிள் டைனமோ மாதிரி மாறிவிடுகிறது. வண்டியையும் பிடிக்கிறது, பாட்டரிக்கும் கரண்ட் அனுப்புகிறது. டீக்கடையில் கரண்ட் இல்லாததுகூட ஒருவகையில் நல்லதுதான். உச்சியிலேயே பாட்டரி ஃபுல்லாகியிருந்தால், மலை தருவதை வாங்கிப்போட அதில் இடமிருக்காது. கை பிரேக்தான் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும்.

அடிவாரத்தில் பார்த்தால்... 51! இறக்கத்தில் டாங்க் நிரம்பிய பெட்ரோல் வண்டி உண்டா, சொல்லுங்கள்! வீட்டு வாசலில் 40.

அப்பா இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"முப்பத்தேழு வாங்கிட்டு நாலு திருப்பிக் குடுத்திருக்கு. பரவாயில்ல, மலையாச்சும் குடுக்குது. வாங்கினதுல ஒண்ணைக்கூடத் திருப்பாத எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

மண்டிக்கு வந்த வியாபாரிகளைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று நானே கேட்டுவிட்டேன்.