பால் தராத இரண்டு மாதங்கள்

வன்னியின் பால் உற்பத்தியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கணக்குகளையே கேட்கிறார்கள். எத்தனை மாடுகள் வழங்கப்பட்டன? நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் பால் சேர்ந்தது? கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களில் அந்த மாடு என்ன தின்றது என்று கேட்பவர் அரிது.

போரின்போது வன்னி மக்கள் தம் பட்டிகளை விட்டுவிட்டு இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்து மீளக்குடியேறியபோது, குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது ஒரு கறவை மாடு. அத்தகைய வீட்டில் மாடு படுத்துவிட்டால் வருமானமும் படுத்துவிடும்.

பரந்தன் இரணைமடு நீர் பாயும் நெல்வயல் பூமி. காலபோகத்தில் மழையால் புல் செழிக்கும். ஆனால் பயிர் நிற்கும் வயல்வெளிக்குள் மாடு இறங்க முடியாது. கோடையில் தரை காய்ந்துவிடும். அறுவடை முடிந்தால் வைக்கோல் குவியும். அதிலும் ஒரு பகுதி வயலிலேயே எரிக்கப்படுகிறது. தின்னக் கிடைத்தாலும், வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர புரதத்தையோ உயிர்ச்சத்து ஏ-யையோ போதிய அளவில் தராது.

இந்தத் தட்டுப்பாட்டில் முதலில் பட்டினி கிடப்பது கறவை நின்ற சினைமாடுதான். பால் தராத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்பது ஏழை வீட்டின் நியாயம். ஆனால் வயிற்றுக் கன்று வேகமாக வளர்வதும், மடி அடுத்த கறவைக்குத் தயாராவதும் அந்த நாள்களில்தான். மெலிந்த மாடு ஈன்றபின் பால் குறையும். அடுத்த சினையும் தள்ளிப்போகும். அதற்காகக் கொழுக்க வைப்பதும் தவறு. மிகக் கொழுத்த மாடு ஈன்றபின் தீனி எடுக்காமல் நோயுறும். கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் தவிட்டையும் புண்ணாக்கையும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

கூடுதலாகப் பால் தரும் கலப்பின மாடுகளுக்கு, குறிப்பாக மூன்றாம் ஈற்றுக்குப் பின், பால் காய்ச்சல் என்ற ஆபத்தும் உண்டு. பெயரில்தான் காய்ச்சல், உடல் குளிர்ந்து மாடு எழ முடியாமல் கிடக்கும். ஒரு லீற்றர் கடும்புப்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வெளியேறுகிறது. பெரிய மாடொன்றின் குருதிநீரில் ஒரு நேரத்தில் இருப்பதே 3 கிராம் அளவுதான். மீதியை எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் உடல் எடுக்க வேண்டும். ஈனுவதற்கு முன்பே கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் அந்த ஆற்றல் மந்தமாகிவிடும். அதைக் கொடுக்க வேண்டிய காலம் ஈன்ற பின்னர். விழுந்த மாட்டுக்குக் கால்நடை வைத்தியர் உரிய நேரத்தில் நரம்பில் மருந்தேற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். தாமதித்தால் இறந்துவிடும்.

2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து 5,000 கறவை மாடுகளை இலங்கை இறக்குமதி செய்தது. நோயாலும் இறப்பாலும் பண்ணையாளர் பலர் நட்டமடைந்தனர். காரணம் பற்றிய வாதம் ஒருபுறமிருக்க, உயர்ந்த இனம் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் மாற்றாகாது என்பது தெளிவு.

ஆகவே, பத்து மாடுகள் கொடுக்கும் பணத்தில் எட்டைக் கொடுங்கள். மிச்சத்தில் கோ-3 புல்லுக்கு ஒரு துண்டு நிலமும், வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தும் பயிற்சியும், கனியுப்புக் கட்டியும், அழைத்தால் வந்து சேரும் வைத்தியருக்கான வசதியும் கொடுங்கள். புலம்பெயர்ந்த உறவுகளும் மாடு வாங்கப் பணம் அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கறவை நின்ற பின் இதற்குத் தீனி எங்கே?