அம்மா மாத்திரையை மறக்கவில்லை

பொங்கல் சிறப்புப் பேருந்துகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்களுக்கு,



தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் கொடுத்த முதல் மனுவுக்கு, "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. ஜூன் மாதம் அனுப்பிய இரண்டாவது மனுவுக்கு, "பயணிகளின் வசதிக்காகப் பேருந்து உணவகத்தில் நிறுத்தப்பட்டதாக அறிக்கை பெறப்பட்டது; மனு முடித்துவைக்கப்பட்டது" என்று வந்தது. அக்டோபரில் அரை நாள் விடுப்புப் போட்டு நேரிலேயே வந்தேன். மனுவை வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த முத்திரையைத் தவிர வேறு பதில் இல்லை. ஆகவே இந்த மடலை ஊரறிய எழுதுகிறேன்.

சட்டமும் விதியும் தாங்கள் அறிந்தவை. அவற்றைத் தங்களுக்கு எடுத்துச் சொல்ல நான் வரவில்லை. ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா போனபிறகு சென்னையில் என்னோடு இருக்கிறாள். இதயம் பலவீனமாகிவிட்டதால் உடம்பில் நீர் கோர்த்துக்கொள்ளும். அதற்குக் காலையில் ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என நீர் மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரை உள்ளே போனால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். வருடம் முழுக்கச் சென்னையில் அடைந்து கிடப்பவளுக்குப் பொங்கல் ஒன்றுதான் ஊர். கோவில்பட்டி பக்கத்தில் கரிசல் காட்டுக் கிராமம். தம்பி குடும்பம் அங்கேதான். வாசலில் கோலம் போட்டு, பனை ஓலை எரித்து, பானை பொங்கி வரும்போது முதல் குலவை அம்மாவுடையது. எங்கள் தெருவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

2025 ஜனவரி 12, ஞாயிறு. போகிக்கு முந்தின இரவு. கிளாம்பாக்கத்திலிருந்து எங்கள் சிறப்புப் பேருந்து 7.40-க்குக் கிளம்பியது. மூன்று வாரம் முன்பே இருக்கை போட்டு, அம்மாவுக்கு ஜன்னலோரம் வாங்கியிருந்தேன். மடியில் ஒரு போர்வை, காலடியில் மதினிக்கு எடுத்த சேலையும் தம்பி பிள்ளைகளுக்கு எடுத்த உடுப்பும். சிங்கப்பெருமாள் கோயில் வரும் முன்பே வண்டி ஊர ஆரம்பித்துவிட்டது. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி பதினொன்று. நெரிசலுக்காக நான் தங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஊரே ஊருக்குப் போகிற நாள் அது, பொறுத்துக்கொள்ளலாம்.

பாட்டிலை நீட்டினேன். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். எங்களுக்கு முன் இருக்கைகளில் நாலு பெண்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், சாத்தூர்ப் பக்கம். பண்டிகை வியாபாரத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு நேராக வண்டி ஏறியிருந்தார்கள். அவர்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "வேணாம்க்கா, மத்தியானத்துல இருந்தே நாங்க குடிக்கல." நாலு பேருக்கும் அதே பதில்தான். ஊருக்குப் போகிற நாளில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். தாகத்தோடு ஏறினால்தான் மானத்தோடு இறங்க முடியும் என்று இருபது வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

திண்டிவனம் தாண்டி, இரவு ஒன்றேமுக்காலுக்கு வண்டி ஓர் உணவகத்தில் நின்றது. தங்கள் அலுவலகப் பதிலில் "வசதி" என்று குறிப்பிட்டிருந்த இடம் அதுதான். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேருந்துகள் நின்றிருந்தன. பெண்கள் பக்கம் மூன்று கதவுகள். ஒன்றுக்குப் பூட்டு. இன்னொன்றில் தண்ணீர் இல்லை, உள்ளே கால் வைக்க முடியாத நிலை. மூன்றாவதில் விளக்கு இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அந்த ஒரு கதவுக்கு முன்னால் நாற்பது பெண்களாவது நின்றிருப்போம். கைக்குழந்தையோடு ஒருத்தி, நிறைமாதத்தில் ஒருத்தி. உள்ளே போகிறவளுக்கு அடுத்தவள் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, கதவையும் இழுத்துப் பிடித்தாள். ஆண்கள் சாலையோர இருட்டில் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் கொடுத்தது பதினைந்து நிமிடம். இருபதாவது நிமிடம் ஹாரன் அடித்தார். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினெட்டுப் பேர். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா தாயி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." பொய் சொல்கிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

விழுப்புரம் கழிந்ததும் பனி இறங்கியது. மார்கழி முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியதுபோல இருந்தது. முன்னால் போகிற லாரியின் விளக்கு பத்தடி நெருங்கிய பிறகுதான் தெரிந்தது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன்: "அண்ணே, அம்மாவுக்கு முடியல. ஓரமா ரெண்டு நிமிசம் நிறுத்துங்க."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அக்கா, இந்தப் பனியில ஓரங்கட்டுனா பின்னாடி வர்றவன் கொண்டாந்து ஏத்திருவான். அம்பது உசுரு இருக்கு வண்டியில. வெளிச்சமா ஒரு எடம் வரட்டும், கண்டிப்பா நிறுத்துறேன்."

அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கிளம்பியதிலிருந்து அவரும் தூங்கவில்லை. ஆனால் வெளிச்சமான ஓர் இடம் அதற்குப் பிறகு வெகு நேரம் வரவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர் அல்ல. எந்த வண்டி எந்த உணவகத்தில் நிற்க வேண்டும் என்பது சாலையில் முடிவாவதில்லை. உங்கள் மேசையில் முடிவாகிறது. அந்த மூன்று கதவுகளை உங்களில் யாராவது ஒருவர் ஒரே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால், அந்த இடத்துக்கு எங்களை அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில், விடிகாலை 5.40-க்கு, ஒரு பெட்ரோல் பங்கில் ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். அங்கேயும் கழிப்பறை பூட்டித்தான் இருந்தது. ஆனால் பம்பருகே நின்ற பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சாவி எடுத்துவந்து திறந்தான். விளக்கைப் போட்டான். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். பேருந்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். கிளாம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது.

கோவில்பட்டியில் இறங்கும்போது நண்பகல் பன்னிரண்டரை. வழக்கமாகப் பத்து மணி நேரத்தில் முடிகிற பயணம் பதினேழு மணி நேரத்தை நெருங்கிவிட்டது. அம்மாவின் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. கையில் செருப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பொங்கல். விடியற்காலையில் மதினி பானை வைத்தாள். ஓலையைத் தள்ளிவிட அம்மா குனிந்தாள். குனிந்தவளுக்கு மூச்சு வாங்கியது. வார்த்தை வரவில்லை, உதடு கறுத்தது. பானை பொங்கியபோது தெருவில் குலவை கேட்டது. அதில் அம்மாவின் குரல் இல்லை. நாங்கள் அவளைக் காரில் கிடத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். இளைஞர். அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "நீர் மாத்திரையை நிறுத்துனீங்களா பாட்டி?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "மறந்துட்டேன்யா."

அவர் போன பிறகு நான் அவள் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எண்ணினேன். மூன்று மாத்திரை அதிகமாக இருந்தது. 12-ம் தேதி காலை ஒன்று, மாலை ஒன்று, பேருந்திலேயே விடிந்த 13-ம் தேதி காலை ஒன்று. ஊர் வந்த பிறகு அன்று மாலை போட வேண்டியதைச் சரியாகப் போட்டிருந்தாள். மறதிக்காரி அப்படிக் கணக்காக மறக்க மாட்டாள். வழியில் இறங்க இடம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பண்டிகைக்குப் போகிற ஐம்பது பேரைத் தன் ஒருத்திக்காக நிறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த இளைஞர் முன்னால் காரணத்தைச் சொல்லவும் வெட்கம். அதனால் மறந்துவிட்டேன் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் மாட்டுப் பொங்கல், ஜனவரி 15. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கைபேசியில் செய்தி பார்த்தேன். கழிப்பறை வசதி உயிர்வாழும் உரிமையின் பகுதி, நீதிமன்ற வளாகங்கள் எல்லாவற்றிலும் அதைச் செய்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. உள்ளே அம்மாவின் முகத்தில் மாஸ்க். அந்தத் தீர்ப்பு நீதிமன்றங்களுக்குத்தான், நெடுஞ்சாலைக்கு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். கோர்ட்டில் இருக்கிற பெண்ணின் உடம்பும் பேருந்தில் இருக்கிற பெண்ணின் உடம்பும் வேறு வேறா?

இது பெண்களை நினைக்காத மாநிலம் அல்ல. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறோம். அதே ஆண்டு, கடையில் நின்றே வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. என் முன் இருக்கைகளில் இருந்த ஜவுளிக்கடைப் பெண்கள் அந்தச் சட்டத்தால் பயன்பட வேண்டியவர்கள். நகரத்துக்குள் பயணம் செய்யும் பெண்ணையும் கடைக்குள் நிற்கும் பெண்ணையும் அரசு பார்த்திருக்கிறது. இரவில் ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் போகிற பெண் மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கணக்கு வெளியிடுகிறீர்கள். இத்தனை ஆயிரம் சிறப்புப் பேருந்துகள், இத்தனை லட்சம் பயணிகள். எத்தனை பெண்கள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஏறினார்கள் என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? எத்தனை அம்மாக்கள் மாத்திரையைத் தள்ளிப்போட்டார்கள்? "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு தாய் இருப்பாரே. அவர் ஊருக்கு எப்படிப் போகிறார்?

நான் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. புதிய கட்டடம்கூட வேண்டாம். பெட்ரோல் பங்கில் நின்ற அந்தப் பையன் ஒரு நிமிடத்தில் செய்ததை, இந்தப் பொங்கலுக்கு உங்கள் துறை செய்யட்டும். வண்டிகளை நிறுத்தச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் பெண்கள் பக்கக் கதவுகள் திறந்திருக்கட்டும். உள்ளே விளக்கு எரியட்டும், தண்ணீர் வரட்டும். அங்கே இரவு முழுக்க ஒரு பெண் பணியாளர் இருக்கட்டும். நாற்பது பேர் நிற்கும்போது பதினைந்து நிமிடத்தில் ஹாரன் அடிக்க வேண்டிய கட்டாயம் ஓட்டுநருக்கு இல்லாதிருக்கட்டும். இதைச் செய்ய முடியாத உணவகத்தில் வண்டி நிற்கக் கூடாது.

அம்மா பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஊர்ப்பக்கமே போகவில்லை. பங்குனியில் கோயில் கொடைக்குக் கூப்பிட்டபோது, "நான் எதுக்கு, வழியில உங்களுக்குத் தொந்தரவு" என்றாள். மதினி விடவில்லை. அத்தை குலவை இல்லாமல் இந்த வருடம் பானையை இறக்க மாட்டேன் என்று போனிலேயே அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

வருகிற 2026 ஜனவரி 13 இரவுக்கு இரண்டு இருக்கைகள் போட்டிருக்கிறேன். அதே வழி, அதே பனி. அன்று காலை ஏழு மணிக்கு அம்மா மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, போடவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை, அதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்று மனுக்களின் நகலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு மகள்