அழுகிற பிள்ளை அடங்காப் பிள்ளையா?

கேரளத்தின் செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் சரி, எல்லைக்கு இந்தப்புறம் குமரி மாவட்டத்திலும் சரி, கைக்குழந்தை ஓயாமல் அழுதால் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: வாசிக்காரன், பிடிவாதம் பிடித்தவன், வளர்ந்தால் ஒருத்தருக்கும் அடங்க மாட்டான். பிறந்த நட்சத்திரத்தைத் துணைக்கு இழுத்து, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று முடிப்பார்கள். கிடத்திய இடத்தில் கிடக்கும் பிள்ளைக்கோ அப்போதே நற்சான்று. இரண்டுமே தப்பு. ஆறு மாதக் குழந்தையிடம் தெரிவது, எவ்வளவு சீக்கிரம் மிரள்கிறது, அழுதால் ஆற எவ்வளவு நேரமாகிறது என்பதுதான். தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் வேறு சங்கதி. அது முதல் வயது முடிகிற சமயத்தில் தலைகாட்டி, மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் மளமளவென்று வளர்கிறது. அங்கன்வாடியில் கஞ்சியும் பயறும் விளம்பும்போது, பசியோடு தட்டைப் பிடித்தபடி முன்னால் நிற்பவனைத் தள்ளாமல் நிற்கிறதே ஒரு நாலு வயது, அடக்கம் அதுதான். இன்னும் வராத ஒன்றைத் தொட்டிலில் தேடி என்ன பயன்?

குணம் ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். ஓரளவு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் தொடங்கி 133 குழந்தைகளை வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்த ஆய்வு, பத்தில் ஒன்றை ‘வளர்க்கக் கடினமானது’ என்று குறித்துவிட்டு, விளைவைத் தீர்மானிப்பது பிள்ளையின் சுபாவத்துக்கும் வீட்டுக்கும் உள்ள பொருத்தம் என்றே முடித்தது. படித்தவர்கள் கையிலெடுப்பது நியூசிலாந்தின் டனீடின் ஆய்வை: சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு குறைந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பணத்திலும் பின்தங்கினார்களாம். வாஸ்தவம். ஆனால் அங்கே கணக்கெடுத்தது 3 முதல் 11 வயதுவரை, தொட்டில் பருவத்தை அல்ல. வளர வளரக் கட்டுப்பாடு கூடியவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

இன்னும் அழுத்தமான சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. டிம்ஃப்னா வான் டென் பூம், வசதி குறைந்த வீடுகளில் பிறந்து எளிதில் எரிச்சலடையும் 100 சிசுக்களைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேரின் தாய்மாரை, குழந்தையின் 6 முதல் 9 மாதத்துக்குள் மூன்றே முறை வீட்டுக்குப் போய், அதன் சைகைகளைப் படித்து ஈடுகொடுக்கப் பழக்கினார்கள். ஒரு வயதில் அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் தாயிடம் பாதுகாப்பான பிணைப்போடு இருந்தன. பழக்கம் பெறாத தாய்மாரின் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குகூட அப்படி இல்லை. பிற்பாடு ஒத்துழைப்பதிலும் பழக்கம் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளே மேல். இங்கே 2018-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டப்படி, ஆஷா ஊழியர் 3, 6, 9, 12, 15 மாதங்களில் குழந்தையின் வீட்டுக்கு வர வேண்டும். தாய்ப்பால், இணை உணவு, தடுப்பூசி, விளையாட்டு எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் வரும்போது, அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு திணறும் தாயோடு கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார அவருக்கு நேரமும் அதற்கான ஊதியமும் கொடுத்தாலென்ன?