மலைக்கு வரும் வைத்தியம் சட்டத்துக்குள்ளும் வரவேண்டும்

தோட்டத்தில் ஒருவருக்குக் கவ்வாத்துக் கத்தி பட்டு காலில் காயம் என்றால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் தெரியும். டிஸ்பென்சரிக்குத் தூக்கிச் செல்வோம். அங்கே முடியாவிட்டால் கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். ஆனால் மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, பிரட்டுக்குப் போக மனம் இல்லை, பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூடப் பிடிக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? "காத்துக் கருப்பு பட்டிருக்கு", "வேலைக்குக் கள்ளம்", "கோயிலுக்குக் கூட்டிப் போங்க" என்பவைதான் முதலில் வரும் பதில்கள். வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வருகிறது. அந்த எண்ணம் வந்த பிறகும் வழி சுலபமாக இல்லை.

மேல் டிவிஷனில் இருக்கும் அந்தத் தாயை உளநல கிளினிக்குக் கூட்டிச் செல்வதாக நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, நகரத்து ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். வைத்தியரைக் காணும் நேரம் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்திலும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மனதில் உள்ளதை வேறு யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர் போய்விட்டது. துணைக்கு வந்தவரின் பேரும் போய்விட்டது. அடுத்த மாதமும் இதே கதை என்றால் யார் போவார்கள்? மருந்து நிற்கிறது. நோய் திரும்புகிறது. பிறகு ஊரே சேர்ந்து, "மருந்து குடிச்சும் சுகமாகல்ல" என்கிறது.

இந்த இடத்தில்தான் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் வைத்தியரைக் காணும் முறை நமக்கு முக்கியமாகிறது. இது நமக்குப் புதிய விடயமல்ல. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது அரச ஆஸ்பத்திரிக் கிளினிக் நோயாளர்களுக்குத் தபால் மூலம் மருந்து அனுப்பப்பட்டது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவும் மலையகத்தைத் தாக்கியபோது வீதிகள் பல துண்டிக்கப்பட்டன. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன நாளையும் நாம் மறக்கவில்லை. அப்படியான நேரத்தில் உறவுகளை இழந்து நிற்பவரிடம், மலையிறங்கிக் கிளினிக்குக்கு வா என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? வைத்தியரின் குரலாவது மலையேறி வரவேண்டாமா?

வரலாம். ஆனால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதே எமது கேள்வி.

இன்றும் இந்நாட்டில் அமுலில் இருக்கும் உளநலச் சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டில் இருக்கிறது. அப்போது நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தார்கள். தேயிலை அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. பைத்தியம் பற்றிய கட்டளைச் சட்டம் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்ததை 1956இல் மனநோய்கள் கட்டளைச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் அடித்தளம் மாறவில்லை. ஒருவரை எப்படி நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது, எப்படி மனநோய் வைத்தியசாலையில் அடைத்து வைப்பது என்பதைச் சுற்றியே அது எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டே, வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை பெறும் மனிதரைப் பற்றி அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. தொலைபேசி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் எழுதிய சட்டத்தில் காணொளிச் சிகிச்சை எங்கே இருக்கப் போகிறது?

2005இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட உளநலக் கொள்கையே புதிய சட்டம் வேண்டும் என்றது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. வரைவுகள் எழுதப்பட்டன, கூட்டங்கள் நடந்தன. சட்டம் மட்டும் வரவில்லை.

"சட்டம் எதற்கு, வைத்தியர் போனில் பேசினால் போதாதா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. அங்குள்ள 1983ஆம் ஆண்டு உளநலச் சட்டப்படி ஒருவரை அவரது விருப்பமின்றி ஆஸ்பத்திரியில் வைப்பதற்கு முன் வைத்தியர் அவரை "நேரில்" பரிசோதித்திருக்க வேண்டும். கொவிட் காலத்தில் காணொளியில் பார்த்தாலும் போதும் என்று சுகாதாரத் துறை வழிகாட்டல் வெளியிட்டது. 2021 ஜனவரியில் லண்டன் மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரில் என்றால் உடலால் அங்கே இருப்பதுதான், மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்கும் விடயத்தில் சட்டத்தின் சொல்லை வழிகாட்டலால் மாற்ற முடியாது, மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றமே மாற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தொலைவழிச் சிகிச்சை சுற்றறிக்கையில் மட்டும் நின்றால், நாளைக்கு யாரும் அதைக் கேள்வி கேட்கலாம், நிறுத்தியும் விடலாம். இது ஒன்று. மற்றது, திரையில் பார்த்து முடிவெடுக்கக்கூடாத காரியங்களும் உண்டு. எவை அவை என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும்.

அயலில் இந்தியாவையும் பார்ப்போம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பஸ்ஸுக்குள் கிளினிக்கும் மருந்தகமும் அமைத்து, கிராமம் கிராமமாக அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் இருந்து சென்னையிலுள்ள வைத்தியரோடு திரையில் பேசுவார். மருந்து அங்கேயே கையில் கிடைக்கும். 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டல், எந்த மருந்தை முதல் சந்திப்பிலேயே எழுதலாம், எதைத் தொடர் சிகிச்சையில் மட்டும் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று வகை பிரித்தது. 2022 ஒக்டோபரில் டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவை தமிழ் உட்படப் பல மொழிகளில் தொடங்கப்பட்டது. எல்லாம் குறையின்றி நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழைக் கிராமத்துக்கும் இதைக் கொண்டுபோக முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஆகவே புதிய உளநலச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும்போது அதில் தொலைவழிச் சிகிச்சை பற்றித் தனியான ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று எமது சங்கம் கோருகிறது. வெறுமனே "காணொளியும் அனுமதிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதினால் அது தோட்டத்துக்கு வந்து சேராது. எமது கோரிக்கைகள் இவை.

முதலாவது, கட்டாய அனுமதி. ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக ஆஸ்பத்திரியில் வைக்கும் முடிவைத் திரையில் மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது. குடும்பச் சண்டையிலும் காணித் தகராறிலும் ஒருவருக்குப் "பைத்தியம்" என்று முத்திரை குத்துவது எவ்வளவு எளிது என்பது நமக்குத் தெரியும். அந்த முத்திரையைத் தொலைபேசியால் குத்த வழி திறந்துவிடக்கூடாது.

இரண்டாவது, மொழி. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. முதுகில் வலி என்பதைச் சைகையால் காட்டலாம். மனதில் உள்ள வலியை அப்படிக் காட்ட முடியாது. தொலைவழிச் சிகிச்சையின் பெரிய நன்மையே, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் தமிழ் பேசும் வைத்தியரை மஸ்கெலியாவில் இருப்பவர் காண முடிவதுதான். தமிழில் சிகிச்சை பெறுவது உரிமை என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, இரகசியம். லயன் காம்பராவில் ஒருவர் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கணவனின் அடியைப் பற்றி ஒரு பெண் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கணவன் பக்கத்தில் நிற்கிறான், கையிலிருக்கும் போனும் அவனுடையது. இப்படி நடக்கும் சிகிச்சைக்கு என்ன பொருள்? ஒவ்வொரு தோட்டத்திலும் கதவு பூட்டக்கூடிய ஓர் அறை, நல்ல இணைய இணைப்பு, நோயாளியின் பணத்தில் ரீலோட் போடத் தேவையில்லாத ஒரு கருவி வேண்டும். அந்த அறை தோட்ட அலுவலகத்துக்குள் இருக்கக்கூடாது. டிஸ்பென்சரி இன்னும் நிர்வாகத்தின் கையில் உள்ள தோட்டங்களில், உளநலப் பதிவேடு நிர்வாகத்தின் கண்ணில் படவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாகக் கருதுகிறது. அந்தப் பாதுகாப்பு லயனில் இருப்பவருக்கும் உரியது.

நான்காவது, மருந்து. திரையில் வைத்தியர் எழுதும் மருந்துத் துண்டு செல்லுபடியாகாவிட்டால் எல்லாமே வீண். எந்த மருந்துகளை அப்படி எழுதலாம் என்று சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் வேண்டும். தபாலில் அனுப்பலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு விடயம்: லயனில் உள்ள பலருக்குத் தனி முகவரி இல்லை, தபால் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகிறது. ஒருவருடைய உளநல மருந்துப் பொதி பத்துக் கை மாறி வந்தால் அவருடைய நோய் தோட்டம் முழுவதற்கும் செய்தியாகிவிடும். மருந்தை நோயாளியின் கையில் நேரே கொடுக்கும் சுகாதார ஊழியர் வேண்டும். தனி முகவரிக்கான எமது பழைய கோரிக்கையும் இதோடு சேர்ந்ததே.

ஐந்தாவது, வேலையும் சம்பளமும். நேரில் பார்த்துத் தரும் மெடிக்கலுக்கு உள்ள அதே மதிப்பு, திரையில் பார்த்த வைத்தியர் தரும் மெடிக்கலுக்கும் இருக்க வேண்டும். இலத்திரனியல் வடிவில் இருப்பதால் மட்டும் ஓர் ஆவணத்தைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்பதை 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமே ஏற்றிருக்கிறது. அரை மணி நேரம் வைத்தியரோடு பேசிவிட்டு மலைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு அரைப்பேர் போடும் பழக்கத்தை நாம் ஏற்க மாட்டோம். மெடிக்கலில் நோயின் பெயரை எழுதச் சொல்லி எந்தத் துரையும் கேட்கக்கூடாது.

ஆறாவது, பக்கத்தில் ஒரு மனிதர். "எனக்கு வாழப் பிடிக்கல்ல" என்று ஒருவர் திரையில் சொன்னால், கொழும்பில் இருக்கும் வைத்தியரால் ஓடி வர முடியாது. அந்த நேரத்தில் யார் அந்த லயனுக்குப் போவது, எந்த ஆஸ்பத்திரி பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது இலங்கை. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததால் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் சட்டமும் நீக்கப்பட்டது. சரியான சட்டம் உயிரைக் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தோட்டங்களில் உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர் யுவதிகளைப் பயிற்றுவித்து, அரச சம்பளத்தில் இந்தப் பணிக்கு அமர்த்தலாம்.

ஒரு சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். "தோட்டத்தானுக்கு டீவி டொக்டர் போதும் என்று கைகழுவி விடுவார்களே" என்று அனுபவமுள்ள தலைவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம்தான். பாதை போட வேண்டிய இடத்தில் வாக்குறுதி போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே, நேரில் வைத்தியரைக் காணும் உரிமையைத் தொலைவழிச் சிகிச்சை எந்த வகையிலும் பறிக்காது என்றும், எதை விரும்புவது என்பது நோயாளியின் தெரிவு என்றும் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலையக ஆஸ்பத்திரிகளுக்கு உளநல வைத்தியர்களையும் தாதியரையும் நியமிக்கும் கடமை அரசுக்கு அப்படியே இருக்கிறது.

சங்கத்துக்குள்ளும் நமக்கு வேலை இருக்கிறது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கிறது, பூட்டக்கூடிய அறை எது, பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்வர எத்தனை மணி நேரமும் எவ்வளவு பணமும் செலவாகிறது என்று எழுதி அனுப்புங்கள். யாருடைய பெயரும் நோயும் எழுத வேண்டாம். இந்த விபரங்களோடு சுகாதார அமைச்சையும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் சந்திப்போம். "பைத்தியம்" என்ற சொல்லை நமது கூட்டங்களில் வசையாகப் பேசுவதையும் இன்றோடு நிறுத்துவோம். மனம் நொந்தவர் முதலில் வந்து பேசக்கூடிய இடமாக நமது சங்கம் இருக்க வேண்டும்.

காலில் பட்ட வெட்டுக்குக் கிடைக்கும் சிகிச்சையும் லீவும் மரியாதையும் மனதில் பட்ட வெட்டுக்கும் கிடைக்கட்டும். அதைச் சட்டத்தில் எழுதி வாங்கும் வரை நாம் ஓயப் போவதில்லை.