தென்துருவஞ் சென்ற உழவு வண்டி

திருக்கடையூர் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவில் வருவன அபிராமியம்மை சந்நிதியும், அறுபதாண்டு நிறைந்தோர் மணிவிழாச் செய்துகொள்ள வந்து கூடும் கூட்டமுமே. அவ்வூரைச் சூழ்ந்த வயல்களை நின்று நோக்குவார் சிலரே. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவ்வயல்களில் இறங்கும் ஒரு வண்டியைப் பற்றியதாகும்.

சேற்றுழவுக் காலத்தில் டிராக்டரின் பின்புறத்து ரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புப் பட்டைகளாற் கூண்டு போலக் கட்டிய பெருஞ் சக்கரங்களை மாட்டி ஓட்டுகிறார்கள். கேஜ் வீல் என்பது அதற்கு வழங்கும் பெயர். ரப்பர்ச் சக்கரத்தை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் அரைக்கூண்டொன்றைச் சேர்த்து முடுக்கிக் கொள்வதும் உண்டு. பட்டறையில் வெட்டியும் பற்றவைத்தும் ஆக்கப்படும் இத்தகைய மாற்றங்களைக் கற்றோருட் சிலர் 'ஒட்டுவேலை' என்று எளிதாகத் தள்ளிவிடுகின்றனர். கம்பெனி செய்து அனுப்பியதே யந்திரம், பட்டறைக்காரன் கைவைத்தது யந்திரமன்று என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் தவறென்பதே எமது கருத்து. அதனை நிறுவுதற்குரிய சான்று சற்றுத் தொலைவில், பனி மூடிய தென்துருவத்திற் கிடக்கின்றது. வாசகர் பொறுமையோடு உடன் வருவாராக.

1953ஆம் ஆண்டில் டென்சிங்கோடு எவரெஸ்டுச் சிகரம் ஏறிய எட்மண்டு ஹிலாரியை அறியாதார் இரார். அவர் பின்னர் அண்டார்க்டிகாக் கண்டத்திற்கும் சென்றார் என்பதைப் பலர் அறியார். அக்கண்டத்தைக் குறுக்கே கடக்க முயன்ற விவியன் பூக்ஸ் என்னும் ஆங்கிலேயருக்கு, எதிர்ப்பக்கத்திலிருந்து வழி கண்டு, எண்ணெயும் உணவும் சேமித்த கிடங்குகளை அமைத்துக் கொடுப்பதே ஹிலாரியின் குழுவுக்கு இடப்பட்ட பணி. 1957 அக்டோபர் 14ஆம் நாள் ராஸ் தீவிலுள்ள ஸ்காட்டு நிலையத்தினின்று புறப்பட்ட அவர், கிடங்கு வேலை முடிந்த பின்னரும் திரும்பாது மேலே சென்று, 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தையே அடைந்துவிட்டார். 1911இல் அமுண்ட்சனும் 1912இல் ஸ்காட்டும் எய்திய பின் தரைவழியாக அங்கு எய்தியவர் வேறெவருமிலர். மோட்டார் வண்டியிற் சென்று எய்தியவரோ அவர்க்கு முன் ஒருவருமிலர்.

அவர் ஏறிச் சென்ற வண்டி யாது? அதுவே வியப்பு. இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரிற் செய்யப்பட்டு, கிழங்கு வயல்களிலும் புல்வெளிகளிலும் ஏரிழுத்து வந்த டி.இ. 20 என்னும் சாதாரணப் பெர்குசன் டிராக்டர்! 28 குதிரைத் திறன், ஏறக்குறைய ஒரு டன் எடை, அவ்வளவே. துருவப் பனிக்கென்று பிறந்த உறுப்பு ஒன்றும் அதனிடத்தில்லை. பனிக்கு ஏற்றதாக அதனை ஆக்கியது பட்டறை வேலை. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒருங்கே வளைத்துச் செல்லும் எஃகுத் தொடர்ப்பட்டை பூட்டினார்கள். இடையிற் பட்டை தொய்யாதிருக்க ஒரு சிறு சக்கரமும் வைத்தார்கள். ஓட்டுபவனைக் காற்றடியாமற் காக்க மறைப்புத் துணி கட்டினார்கள். மலையேறுவோர் ஒருவரோடொருவர் கயிற்றாற் பிணித்துக் கொள்வது போல, பனிப்பிளவில் ஒரு வண்டி விழுந்தால் மற்றவை தாங்கும்படி வண்டிகளையே கயிற்றாற் பிணித்தார்கள். ஹிலாரி மலையேறி அல்லவா! மர்ரே எல்லிஸ், ஜிம் பேட்ஸ் என்னும் பொறிவல்லார் இருவர் அவ்வண்டிகளைப் பேணி உடன் சென்றனர். ஹிலாரியின் பெயர் அறிந்த நாம் இவ்விருவர் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். துருவத்தை அடைந்த யந்திரங்களை இயங்க வைத்தவர்கள் அவர்களே. போருக்கென்று செய்யப்பட்ட வீசல் என்னும் பட்டைவண்டி ஒன்றும் கூடவே புறப்பட்டது. அது பாதி வழியிற் பழுதுற்றுக் கைவிடப்பட்டது. மூன்று உழவு வண்டிகளும் போய்ச் சேர்ந்தன.

பெர்குசன் என்னும் பெயர் நம் நாட்டார்க்கு அயலன்று. 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே கம்பெனி, மாசி பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர் செய்யத் தொடங்கியது. காவிரிப் படுகையின் சேற்றிலிறங்கும் வண்டிகளுள் அவ்வழியில் வந்தவை பல. ஆகவே துருவஞ் சென்றது நம் வயல் வண்டிக்கு மூத்த உறவு என்னலாம்.

இதற்கு மறுதலையான கதையொன்றும் உண்டு. அமெரிக்காவிலே சிகாகோ நகரத்து ஆர்மர் தொழிற்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பூல்ட்டர் என்பார், அண்டார்க்டிகாவுக்கென்றே 'ஸ்நோ குரூசர்' என்னும் பெருவண்டியை வரைந்து, 1939இற் செய்து முடித்தார். நீளம் 55 அடி. எடை ஏறக்குறைய 34 டன். சக்கரம் ஒவ்வொன்றும் 10 அடி உயரம். உள்ளே படுக்கையறை, சமையலறை, ஆய்வறை யாவும் உண்டு. முதுகின்மேல் ஓர் ஆகாய விமானத்தையும் சுமந்தது. சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகம் வரையில் அது சாலையிற் சென்றபோது மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். பனியில் இறக்கியவுடன் நடந்ததோ வேறு. சக்கரத்தின் மேற்புறம் வழவழப்பாய் இருந்தமையால் பற்றின்றிச் சுழன்று, வண்டி மூன்றடி ஆழம் புதைந்தது. உபரிச் சக்கரம் இரண்டையும் முன்புறத்திற் சேர்த்துக் கட்டியும், பின்சக்கரங்களிற் சங்கிலி சுற்றியும் பார்த்தனர். முடிவிற் பின்னோக்கி ஓட்டினால் ஓரளவு செல்லும் என்று கண்டு, அவ்வாறே 92 மைல் சென்றனர். அதன் நெடும் பயணம் அஃதொன்றே. பின்னர் அது பனிக்கடியிற் புதையுண்டது.

குறை பூல்ட்டரின் அறிவிலன்று. மிக்க கல்வியுடையார் அவர். தரையைத் தொடாமலே வண்டி செய்ததே குறை. மிதித்துப் பாராமல் வரைந்த வரைபடம் எவ்வளவு அழகியதாயினும் வரைபடமே. அவ்விடத்தில் இறங்கிய பின் அவர்தம் துணைவர் சக்கரத்தோடு சக்கரம் சேர்த்துக் கட்டினார்களே, அந்த ஒட்டுவேலைதான் அவ்வண்டியைச் சிறிதேனும் நகர்த்தியது.

மாற்றிக் கட்டிய வண்டியெல்லாம் வெல்லும் என்று யாம் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் மாசன், 1911இல் அடிலெய்டு நகரில் விழுந்து சேதமுற்ற தமது விமானத்தின் சிறகுகளை நீக்கி, சறுக்குக்கட்டைகளின்மேல் நிறுத்தி, காற்றாடியால் தள்ளப்படும் பனிவண்டியாக ஆக்கிக் கொண்டுபோனார். உத்தி நல்ல உத்தியே. ஆனால் நெடும் பயணத்திற்கு எடுத்தபோது சில மைல்களிலேயே எந்திரம் உடைந்து நின்றுவிட்டது. அதற்கு முன் 1908இல் ஷாக்கிள்டன் கொண்டுசென்ற மோட்டார் காரும் உறைந்த கடலின் கெட்டிப் பரப்பில் ஓடி, மென்பனியில் மாட்டிக் கொண்டது. தரையின் இயல்பறிந்து மாற்றினால் மாற்றம் பயன் தரும்; அறியாது மாற்றினால் தாராது.

தரையின் இயல்பு என்று யாம் சொல்வதைச் சற்றே விரித்துரைத்தல் நலம். ஏனெனில் சேறும் பனியும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது. ஆழ்ந்த பனிக்குக் காலூன்றும் அடித்தளம் எட்டாது. ஆங்கு வண்டி மிதக்க வேண்டும். அதனாலேயே பட்டை பூட்டி, ஒரே எடையைப் பன்மடங்கு பரப்பின்மேல் விரித்து வைக்கின்றனர். பரப்பு மிக மிக அழுத்தம் குறையும் என்பதை இயற்பொருள் நூலின் முதற்பாடத்திலேயே மாணவர் படித்திருப்பர். நெல்வயலின் அமைப்பு வேறு. மேலே குழைசேறு, அதனடியில், தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்து இறுகிய கெட்டித் தட்டு. நீரைக் கீழிறங்காமற் காப்பதும் அத்தட்டே. கூண்டுச் சக்கரம் மிதக்க முயல்வதில்லை. சேற்றைத் துழாவிக் கொண்டு கீழிறங்கி, தட்டின்மேற் காலூன்றி, படகுத் துடுப்பைப் போலச் சேற்றைப் பின்தள்ளி முன் செல்கிறது. செல்லும்போதே சேற்றைக் குழைத்தும் விடுகிறது. பனிக்கு மிதப்பது, சேற்றுக்கு ஊன்றுவது. இவ்வேறுபாட்டைப் பட்டறைக்காரர் கணக்கெழுதிக் கண்டாரில்லை; வண்டி புதைந்தவிடத்தில் நின்று கண்டார். அதனால் அது அறிவன்று என்று எவர் சொல்லத் துணிவார்?

பட்டையும் நம்மூர்க்கு வந்துவிட்டது. தை மாதத்திற் சம்பா முற்றி நிற்கையில் மழை பெய்துவிட்டால், டயர் வண்டி என்னும் அறுவடை யந்திரம் வயலில் இறங்க மாட்டாது. அப்போது உழவர் தேடியலைவது பெல்ட் வண்டியை. ரப்பர்ப் பட்டை பூட்டிய அவ்வண்டி, துருவப் பனியில் ஹிலாரியின் டிராக்டர் சென்ற அதே முறையில் ஈர வயலின்மேற் செல்கிறது. வாடகை மிகுதி, சாய்ந்த கதிர் முளைக்கத் தொடங்குமுன் வந்து சேர்ந்தால் கொடுக்கத் தயங்குவாரில்லை. சாலையிற் பட்டை தேயாதிருக்க அதனை லாரியில் ஏற்றிக் கொணர்வதையும் காண்கிறோம்.

கூண்டுச் சக்கரத்திற்கு அந்த வசதி வாய்ப்பதில்லை. வயலுக்கு வயல் போகும் அவசரத்தில் இரும்புச் சக்கரத்தோடே தார்ச்சாலையில் ஏறிவிடுகிறார்கள். சாலை கொத்தி எடுத்தாற் போலப் பெயர்ந்து போகிறது. அதிகாரிகள் அபராதம் விதிக்கிறார்கள். சாலை ஊர்ப் பொது. அதனைக் கெடுப்பதை யாமும் ஆதரியோம். ஆனால் நாளொன்றுக்குப் பலமுறை கனத்த சக்கரத்தைக் கழற்றி மாட்ட ஓட்டுநர்க்குக் கையும் நேரமும் இல்லை என்பதையும் எண்ணவேண்டாவோ? அபராதச் சீட்டு சாலையைச் செப்பனிடாது, வண்டியையும் திருத்தாது. அரைக்கூண்டை ரப்பர்ச் சக்கரத்தின் வட்டத்திற்குச் சற்றுக் குறைந்த வட்டமாகச் செய்துவிட்டால், கெட்டிச் சாலையில் ரப்பரே தரையைத் தொடும். சேற்றிற் புதைந்தபோது மட்டும் இரும்பு வேலை செய்யும். எவ்வளவு குறைந்த வட்டம், எத்தனை பட்டை, எவ்வளவு சாய்வு என்பவற்றை இன்று ஒவ்வொரு பட்டறையும் தன் மனம் போனபடி வைக்கிறது. இன்னொரு கேடும் உண்டு. வரவரக் கனத்த டிராக்டர்கள் வயலில் இறங்குகின்றன. கனம் மிகுந்தால் கெட்டித் தட்டு உடையும். தட்டு உடைந்த வயலில் நீரும் நில்லாது, அடுத்த ஆண்டு வண்டியும் நில்லாது.

இங்கேதான் எம்போன்ற கல்லூரிகளின் மேல் யாம் குறை காண்கிறோம். இயற்பொருள் வகுப்பில் அழுத்தத்தைச் செங்கல்லும் மணலும் கொண்டு விளக்குகிறோம். கூப்பிடு தூரத்து வயலில் அப்பாடம் நாள்தோறும் நடப்பதைச் சென்று பார்ப்பதில்லை. 1981ஆம் ஆண்டு முதல் நம் நாட்டார் அண்டார்க்டிகாவுக்குச் சென்று வருகின்றனர்; மைத்திரி, பாரதி என்னும் நிலையங்கள் அங்குள்ளன. பனிச்சறுக்கு விளையாட்டுச் சரிவுகளைச் சமன் செய்யப் பிறந்த பிஸ்டன் புல்லி என்னும் பட்டைவண்டிகளே அவர்கட்குச் சுமையிழுக்கின்றன. இதனைச் சொன்னால் மாணவர் கண் விரிகின்றது. திருக்கடையூர் வயலிற் கூண்டுச் சக்கரம் இறங்குவதைச் சொன்னால் விரிவதில்லை. இரண்டும் ஒரே கலை.

வரும் ஆனியில் மேட்டூர் நீர் வந்து குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில், இயற்பொருள் வகுப்பு மாணவர் சிலர் ஓர் ஆசிரியரோடு வயலுக்குச் செல்லட்டும். ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். எடை வேறுபட்ட இரண்டு டிராக்டர்களின் சக்கரம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, தட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது, அரைக்கூண்டின் வட்டம் எவ்வளவு குறைந்தால் சாலையைத் தொடாமல் வயலிற் பிடிக்கிறது என்று அளந்து எழுதட்டும். அளந்ததைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தையும் பக்கத்திலே எழுதிக் கொள்ளட்டும். அக்குறிப்பேட்டை அடுத்த ஆண்டு இம்மலரிலேயே அச்சிடலாம்.