இருட்டு அறையில் எந்தச் செடி பிழைக்கும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம்! ஆனால், எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் பட்டப்பகலிலும் இருட்டு. வெக்கை வரக்கூடாதென்று சன்னலைச் சின்னதாக வைத்துக் கட்டிய வீடுகள்.

அந்த அறையில் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று ரோஜா, துளசி, மல்லிகைத் தொட்டி வாங்கி வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் இலை கொட்டிப் போகிறது. "கைராசி இல்லை" என்று வீட்டுக்காரம்மா மேல் பழி! ராசியும் இல்லை, தோஷமும் இல்லை. மூன்றும் வெயில் தின்று வளரும் செடிகள். இருட்டில் வைப்பது பட்டினி போடுவது மாதிரி.

வேலியோரத்துச் சொந்தம்!

கடையில் விற்கும் பாம்புச் செடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம்மூர் வேலியோரத்து மருளுக்குப் பங்காளி! தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். இலைத் துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறக்கும். அதனால் தாகம் குறைவு. மணி பிளான்ட்டும் மங்கிய வெளிச்சம் தாங்கும். திருடி வைத்தால்தான் பணம் வரும் என்பதெல்லாம் சும்மா!

நடுப்பகலில் விளக்குப் போடாமல் இந்தப் பேப்பரைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் காசைக் கரியாக்க வேண்டாம்.

தண்ணீரே எமன்!

இருட்டில் மண் சீக்கிரம் காயாது. தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் ஊற்றினால் போதும். காய்கறி கழுவின தண்ணீரே தாராளம். வெறும் கரிசல் மண் நீரைப் பிடித்துக்கொள்ளும். செம்மண், மணல், மக்கின எரு கலப்பது நல்லது. தொட்டியடியில் துளை அவசியம். வாரம் ஒருதரம் இலைத் தூசியைத் துடைக்க வேண்டும்.

பாட்டிலில் மணி பிளான்ட் வைப்பவர்கள் வாரந்தோறும் தண்ணீரை மாற்றி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவாவிட்டால், டெங்கு கொசுவுக்கு வீட்டிலேயே தொட்டில் கட்டிய கதைதான்! இரண்டு செடிகளின் இலையும் வாயில் போனால் ஆகாது. குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டக்கூடாது.

"காற்றைச் சுத்தமாக்கும்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். 1989-ல் வந்த நாசா ஆய்வு, மூடிய பெட்டிக்குள் நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குள் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடி செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம்! அப்புறம் மனுஷன் எங்கே படுப்பது?

செடி கண்ணுக்குக் குளிர்ச்சி, அது போதும். காற்றுக்கு, சாயங்காலம் வெக்கை தணிந்ததும் சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். அதற்குக் காசு கிடையாது!